சேருக்கு இடப்பக்கம் நிற்பவர்களுக்கு

திருவனந்தபுரத்திலும் சுற்றுவட்டத்திலும் பல்லுக்குக் கம்பி கட்டும் கிளினிக்குகளில் உதவியாளராக இருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

உங்களில் பலர் நாகர்கோவில் பாசஞ்சரில் வருகிறவர்கள். குழித்துறையிலோ பாறசாலையிலோ ஏறி, நெய்யாற்றின்கரை தாண்டியதும் டிபன் பெட்டியைத் திறந்து, தம்பானூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய் ஆட்டோகிளேவை ஆன் செய்கிறவர்கள். இன்னும் சிலர் கரமனை, வலியசாலைப் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். டாக்டரிடம் மலையாளம், மார்த்தாண்டத்திலிருந்து மகளைக் கூட்டி வந்த அம்மாவிடம் நம்ம ஊர்த் தமிழ், டெக்னோபார்க் பையனிடம் கொஞ்சம் இங்கிலீஷ் என்று மாஸ்க்குக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள் சேச்சி. பெரியவர்களுக்கு சிஸ்டர். வாசல் பலகையில் உங்கள் பெயர் கிடையாது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை, பலகை டாக்டருடையது. நீங்கள் செய்கிற வேலை எது வரைக்கும் என்று எந்தத் தாளிலும் எழுதி வைக்காததுதான் குறை. இதே வேலையில் தலை நரைத்தவள் என்ற உரிமையில் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கம்பி கேஸ் முடிய ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஆகும். எலும்புக்குள் பல் நகர்வது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டு அதிக விசை கொடுத்தால் பல் வேகமாக வராது, வேர்தான் கெடும். எக்ஸ்ரேயைப் பார்த்து, மாடலை அளந்து, பல் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. அஞ்சு வருடம் பி.டி.எஸ்., அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். என்று அவர் படித்ததெல்லாம் அந்த முடிவுக்காகத்தான். அதன் பிறகு நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை நோயாளி வந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் நடப்பதில் பெரும்பகுதி கைவேலை. பழைய மாடியூலைக் கழற்றுவது, வயரை உருவுவது, சுத்தம் செய்வது, எழுதி வைத்த அடுத்த வயரைப் போடுவது, நுனியை வெட்டுவது, பவர் செயின் மாட்டுவது, கழன்ற பிராக்கெட்டைத் திரும்ப ஒட்டுவது.

இதில் எவ்வளவு உங்கள் கையால் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நம் நாட்டில் பல கிளினிக்குகளில் இதுதான் நிலை. யாரையும் காட்டிக்கொடுப்பதற்காக இதை எழுதவில்லை.

பிராக்கெட் ஒட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்கு அது பொட்டு ஒட்டுகிற வேலை. பல்லைப் பியூமிஸ் போட்டுத் தேய்த்து, கன்னத்தை விலக்கி, 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லைப் பதினைந்து முதல் முப்பது வினாடி வைத்து, கழுவி உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்க வேண்டும். அந்த வெளுப்பு வந்த பிறகு ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியதுதான். பட்டதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஒட்டினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பிராக்கெட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து நிற்கும். உயரம் அரை மில்லிமீட்டர் தவறினால் பல்லும் அரை மில்லிமீட்டர் தவறியே வரும். ஆசிட்டால் எனாமலைத் தயார் செய்யலாம் என்று மைக்கேல் புவனகோர் காட்டியது 1955-இல். அதற்கு முன்னால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்ட வேண்டியிருந்தது. நிக்கல் டைட்டானியம் வயர் இன்னும் பின்னால் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பிறந்த உலோகக் கலவை அது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் அதன் குணத்தைப் பல்லுக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஆண்ட்ரியேசன், 1970-களில். அதுவரை டாக்டர் மணிக்கணக்கில் குறடு பிடித்து வளைத்த கம்பியின் இடத்தில், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடக்கூடிய வயர் வந்தது. வேலை உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததற்கு இந்த இரண்டும்தான் வழிவிட்டன. கை மாறிவிட்டது. சட்டம் மாறவில்லை.

இங்கிலாந்தில் மாற்றினார்கள். அங்கே ஆர்த்தோடான்டிக் தெரபிஸ்ட் என்பது பதிவுள்ள தனித் தொழில். 2007-இல் லீட்ஸ் நகரில் முதல் படிப்பு தொடங்கியது. அதில் சேர வேண்டுமானால் முதலில் பல் நர்ஸாகவோ ஹைஜீனிஸ்டாகவோ டெக்னீஷியனாகவோ அந்த நாட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சில வாரம் வகுப்பறை. உலோகப் பற்களை மெழுகில் பதித்த டைப்போடான்டில் பிராக்கெட் ஒட்டிப் பழகுவார்கள். வெந்நீரில் இறக்கினால் மெழுகு இளகி, மாதக்கணக்கில் நடக்க வேண்டிய நகர்வு நிமிடக்கணக்கில் கண்முன்னே நடக்கும். தப்பான உயரத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு குழந்தையின் வாயில் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் தன் கிளினிக்கிலேயே, பயிற்சி தரும் ஆர்த்தோடான்டிஸ்டின் கண் பார்வையில் வேலை. ஒவ்வொரு கேஸையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கடைசியில் ராயல் காலேஜ் தேர்வு.

தேர்ச்சி பெற்றவர் என்னென்ன செய்யலாம் என்று அங்கே பொதுப் பல் மருத்துவக் கவுன்சில் பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. அளவெடுக்கலாம். போட்டோ எடுக்கலாம். செப்பரேட்டர் வைக்கலாம். பேண்டும் பிராக்கெட்டும் ஒட்டலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த வயரைப் போடலாம், கழற்றலாம். கம்பியை முழுதாக அகற்றிப் பசையைச் சுத்தம் செய்யலாம். உள்பக்கம் ஒட்டும் ரீடெய்னரை வைக்கலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது செய்யக்கூடாதவற்றின் பட்டியல். நோயைக் கண்டறிந்து சொல்லக் கூடாது. சிகிச்சைத் திட்டம் போடக் கூடாது. எழுதிக்கொடுத்த வயரின் வடிவத்தை மாற்றக் கூடாது. மரத்துப்போகும் ஊசி போடக் கூடாது. ஈறுக்கு அடியில் இருக்கும் காரையை எடுக்கக் கூடாது. இந்த ஐந்து வரியும் சுவரில் ஒட்டியிருக்கும் கிளினிக்கில், “நீயே பார்த்து ஒரு வளைவு கொடுத்துடு” என்று சொல்ல எந்த டாக்டருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும். அவர் சொல்லியே விட்டாலும், முடியாது என்பதற்கு உங்களுக்கு ஒரு தாள் இருக்கும்.

இங்கே நிலைமை என்ன? 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் மூன்று பேரை அடையாளம் காட்டியது. பல் மருத்துவர், பல் ஹைஜீனிஸ்ட், பல் மெக்கானிக். ஹைஜீனிஸ்ட் காரை எடுக்கலாம், பல்லைச் சுத்தம் செய்யலாம், பராமரிப்பு சொல்லித் தரலாம். மெக்கானிக் பல்செட்டும் கருவிகளும் செய்யலாம். மற்றபடி வாய்க்குள் பல்லிலும் தாடையிலும் செய்கிற எதுவும் பல் மருத்துவம், அதைச் செய்பவர் பதிவு பெற்ற பல் மருத்துவராக இருக்க வேண்டும். கம்பி கட்டும் கிளினிக்கில் நாள் முழுக்க நீங்கள் செய்வது இந்த மூன்று பெட்டியில் எதிலும் அடங்காது. 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, பழைய சட்டத்தின் இடத்துக்கு வருவதற்காக. அதிலும் ஆர்த்தோடான்டிக் தெரபிஸ்ட் என்று ஒருவர் இல்லை.

இதனால் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். எல்லாம் நன்றாகப் போகும்வரை ஒன்றுமில்லை. கிளினிக் ஓடும், சம்பளம் வரும். ஒருநாள் வயர் நுனியை வெட்டும்போது துண்டு தெறித்துத் தொண்டைக்குள் போய்விட்டால், அல்லது பசையைச் சுரண்டும்போது பர் எனாமலையும் சேர்த்து எடுத்துவிட்டால், அன்றைக்குத்தான் கேள்வி வரும்: யார் செய்தது, எந்தத் தகுதியில் செய்தது? 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டு வந்ததிலிருந்து டாக்டர்கள் காப்பீடு வைத்திருக்கிறார்கள், வக்கீல் வைத்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது ஐ.டி. கார்டு. டாக்டர் நல்லவராக இருந்தால் பொறுப்பை ஏற்பார். ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி ஒரு தொழிலை நடத்தக் கூடாது என்பது என் கட்சி.

இந்த மடலை டாக்டர்களும் வாசிப்பார்கள். அவர்கள் சொல்லும் இரண்டு மறுப்புகளை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஒன்று, இவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நாளைக்கே தனிக் கடை போடுவார்கள். போலிப் பல் வைத்தியம் நம் நாட்டில் பழைய நோய், அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்குக் கடை போட நினைக்கிற ஒருவரை எது தடுக்கிறது? கையில் வேலை இருக்கிறது, எங்கும் பதிவு இல்லை, பெயரை நீக்குவதற்கு ஒரு பதிவேடுகூட இல்லை. பதிவு இருந்தால் அதைப் பறிக்கவாவது முடியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பி.டி.எஸ். முடித்த பிள்ளைகள் ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்கு ஓடி, சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். அவர்கள் இருக்கும்போது எதற்குத் தெரபிஸ்ட்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பிள்ளைகளின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் அவர்களை வைத்து இந்த வேலையைச் செய்யும் கிளினிக்குகள் செய்யட்டும், அது சட்டப்படி சரி. செய்யாத கிளினிக்குகளில் அந்த வேலை ஏற்கெனவே உங்களிடம்தான் இருக்கிறது. தெரபிஸ்ட் தேவையா என்று கேட்கிறவர், முதலில் இப்போது செய்கிறவர் யார் என்று பார்த்துவிட்டு வரட்டும்.

இப்போது கையில் இருப்பதைச் சொல்கிறேன். கேரளத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், 1959-இல் தொடங்கியது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்குப் பல் ஹைஜீனிஸ்ட், பல் மெக்கானிக், பல் அறுவை அரங்க உதவியாளர் டிப்ளமோக்கள் மாநிலத்தில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் டோரா என்கிறோம். இந்தப் பாராமெடிக்கல் படிப்புகளுக்கு இடம் ஒதுக்குவது எல்.பி.எஸ். சென்டர், நந்தாவனத்தில். பிளஸ் டூ முடித்ததும் நேரே கிளினிக்கில் சேர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். வீட்டு நிலைமை அப்படி, எனக்குப் புரியும். ஆனால் வயது இருக்கும்போதே ஒரு டிப்ளமோவை முடித்துவிடுங்கள் மக்களே. டோராவில் கம்பி வேலை முழுதாக வராது. ஆட்டோகிளேவ் ஏன் 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் ஓடுகிறது, எந்தக் கருவியை 134-இல் ஓட்டலாம், வெட்டிய வயர் துண்டு எந்த டப்பாவுக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் காரணத்தோடு வரும். வெள்ளை டப்பா, துளைக்க முடியாதது. துண்டு பாலக்காட்டில் ஐ.எம்.ஏ. நடத்தும் இமேஜ் கழிவு நிலையத்துக்குப் போய்ச் சேரும்வரை யார் கையையும் குத்தக் கூடாது.

டிப்ளமோ இல்லாதவர்களும் இன்றைக்கே முழு உரிமையோடு செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. பேச்சு. கம்பி போட்ட வாயில் சரியாகத் தேய்க்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழ ஒரு மாதம் போதும். இரண்டு வருடம் கழித்துக் கம்பியைக் கழற்றும்போது பல் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் சதுரமாக ஒரு கறை இருக்கும். டாக்டர் “நல்லா பிரஷ் பண்ணணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த சேருக்குப் போய்விடுவார். உட்கார்ந்து கண்ணாடியைக் கையில் கொடுத்து, இடைவெளி பிரஷ்ஷை வயருக்கு அடியில் எப்படி நுழைப்பது என்று காட்டுவது நீங்கள்தான். இந்த ஊர்ப் பண்டிகையை ஒட்டிப் பேசுங்கள். ஓணம் முடிந்த வாரம் கழன்ற பிராக்கெட்டோடு வருகிறவர்கள் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஏத்தங்காய் வறுவல், சர்க்கரை வரட்டி, பலாச்சுளை வறுவல் மூன்றும் பிராக்கெட்டுக்கு எமன். தீபாவளிக்கு நம்ம வீட்டு முறுக்கும் கடலை மிட்டாயும் சளைத்தவை அல்ல. தின்னாதே என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. பாயசம் குடி, பிரதமன் எவ்வளவு வேண்டுமானாலும் குடி, குடித்ததும் வாயைக் கொப்புளித்துத் தேய்த்துவிடு என்று சொன்னால் கேட்கும். புண் ஆகும் இடத்தில் மெழுகை எப்படி உருட்டி வைப்பது என்று தமிழில் சொன்னால் குமரி மாவட்டத்திலிருந்து வந்த அம்மாவின் முகம் தெளியும். நாகர்கோவிலும் கல்குளமும் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள். எல்லை பிரிந்த பிறகும் நோய்க்கு இந்த ஊருக்கு வரும் வழக்கம் பிரியவில்லை. அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஒரு ஆள் கிளினிக்கில் இருப்பதன் மதிப்பு டாக்டர்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

இங்கிலாந்து போகும் கனவு உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏஜென்டுகள் “கிளினிக் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் போதும்” என்பார்கள். போதாது. வேலை பார்த்த கிளினிக்கின் கடிதத்தை மட்டும் வைத்து அங்கே பதிவேட்டில் பெயர் ஏறாது. முறையான படிப்பும் அதன் பாட விவரமும் கேட்பார்கள். நம்ம ஊர் பி.டி.எஸ். டாக்டர்களே முன்பு ஹைஜீனிஸ்டாகவோ தெரபிஸ்டாகவோ அங்கே பதிந்துகொண்டிருந்தார்கள். பல் மருத்துவப் பட்டத்தைக் காட்டி அப்படிப் பதியும் வழியை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஏஜென்டிடம் கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

உதவியாளரின் கை எப்படித் தொழிலானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்கதை இருக்கிறது. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். உறவுக்காரப் பெண். நம்ம கிளினிக்குகளில் அண்ணன் மகளை வேலைக்கு வைப்பதில்லையா, அதுபோல. 1913-இல் ஃபோன்ஸ் தன் இடத்திலேயே பள்ளி தொடங்கினார். 1917-இல் ஐரீனுக்கு உரிமம் கிடைத்தது. உலகத்தின் முதல் பல் ஹைஜீனிஸ்ட் உரிமம் அது. டாக்டரே முன்னால் நின்றார், அதனால்தான் பதினோரு வருடத்தில் முடிந்தது. இங்கே எந்த டாக்டராவது முன்னால் நின்றால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். நிற்கும்வரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கிளினிக்கில் முதலில். ஒவ்வொரு நோயாளியின் ஃபைலிலும் அடுத்த முறை போட வேண்டிய வயர் அளவு, எந்தப் பல்லுக்கு எந்த விசை என்று டாக்டர் கையால் எழுதி ஒப்பமிட்டிருக்க வேண்டும். “சேச்சிக்குத் தெரியும்” என்ற வாய்ச்சொல் ஃபைலில் ஏறாது. டாக்டர் கட்டடத்தில் இல்லாத நேரத்தில் யார் வாயிலும் கை வைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது கடினம்தான். இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் கொஞ்சம் எளிது. தெறிக்கும் வயருக்குக் கண்ணாடி, உங்களுக்கும் நோயாளிக்கும், கிளினிக் செலவில்.

பிறகு வெளியே. கேரளப் பல் மருத்துவக் கவுன்சில் இந்த ஊரில்தான் இருக்கிறது. பஸ் செலவு அதிகமாகாது. டோரா டிப்ளமோவுக்கு மேல் ஒரு வருடம், அரசுக் கல்லூரியின் ஆர்த்தோடான்டிக்ஸ் துறையில் டைப்போடான்ட் பயிற்சியோடு, செய்யலாம் செய்யக்கூடாது என்ற இரண்டு பட்டியலோடு ஒரு படிப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். புதிய சட்டத்தின் கீழ் விதிகள் உருவாகும் காலம் இது, பிற்பாடு கேட்பதைவிட இப்போது கேட்பது லாபம். ஏற்கெனவே பல வருடம் சேர் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தப் படிப்பில் தனி ஒதுக்கீடு வேண்டும் என்றும் எழுதலாம். மனுவை மலையாளத்தில் எழுத எனக்கு வராது. உங்களில் யாருக்காவது வரும்.

இப்படிக்கு,
உங்களில் மூத்தவள் ஒருத்தி

பின்குறிப்பு: மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று டோஸ். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். முதல் இரண்டைப் போட்டுவிட்டு மூன்றாவதை மறந்தவர்கள் நம்மில் அதிகம். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு அளவைப் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்லித் திரும்பப் போட வேண்டியிருக்கும்.